புளியந்தீவைச் சுற்றி ஒரு நடை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய காணொளியை அம்மாவும் நானும் மூன்று தடவை பார்த்தோம். நீ இருக்கும் ஊருக்குப் பின்புறமாக ஓடையோரம் போய், மரப்பாலத்தில் ஓடையைக் கடந்து, மறுகரை வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் அந்த நடையில் இரண்டே இரண்டு பேரைத்தான் நீ எதிரில் கண்டாய் என்பது அம்மாவுக்குக் கவலை, எனக்கோ பொறாமை. யூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையில் தண்ணீர் கல்லில் பட்டு ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

சீனி வருத்தத்துக்காக வைத்தியர் நடக்கச் சொன்னதிலிருந்து நானும் காலையில் பெரிய பாலத்தடியில் தொடங்கி, மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் நம் புளியந்தீவைச் சுற்றி வாவியோரமாக நடந்து, திரும்பவும் பாலத்தடிக்கே வருகிறேன். கோட்டைக்குள் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இருந்த காலத்தில் அதே வழியால் முப்பது வருடத்துக்கு மேலாகச் சைக்கிளில் வேலைக்குப் போனவன் நான். ஆனால் வாவியை அன்று பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். கையொப்பப் புத்தகத்தில் சிவப்புக்கோடு போடுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பதே அன்றைய நினைப்பு. 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த அந்தக் கோட்டையின் சுவரில் ஆலங்கன்றுகள் முளைத்திருப்பதைக்கூட இப்போதுதான் கவனிக்கிறேன்.

எனக்குப் பிடித்த இடம் கண்டல் இனமான கிண்ணை மரங்கள் நிற்கும் கரை. அவற்றின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்ததுபோல் மேல்நோக்கி நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை வெளியே அனுப்பி மூச்சு வாங்குகிறது. நேற்று ஒரு சிறு நண்டு அந்த வேரொன்றில் ஏறி, பாதி வழியில் நின்று, என் நிழல் விழுந்ததும் பொத்தென்று சேற்றில் குதித்தது. அதன் அருகிலேயே யாரோ கட்டி எறிந்த சோற்றுப்பொதிகளும் பொலித்தீன் பைகளும் கிடந்தன என்பதையும் எழுதத்தான் வேண்டும். உன் ஓடையில் அப்படி ஒன்றையும் நான் காணவில்லை.

உன் ஓடை போகும் திசை ஒன்றுதான். எங்கள் வாவி அப்படியல்ல. கோடையில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் தண்ணீர் போக்கிடமின்றிப் பச்சை பிடித்து அசையாமல் கிடக்கும். வாடைக்காற்று மழையில் வாவி நிரம்பித் தாழ்ந்த வயல்களுக்குள் ஏறும்போது, முகத்துவாரம் தானாக உடையும் அல்லது வெட்டிவிடுவார்கள். அதன்பிறகு கடல் உள்ளே வருவதும் வாவி வெளியே போவதுமாக இருக்கும். இந்த மாதம் மூடித்தான் கிடக்கிறது. எறிவலைக்காரர் வலையை விரித்து வீசினால் வட்டம் கரையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

இப்போது ஒரு பழைய கணக்குக்கு வருகிறேன். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் பூரணை இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் கூட்டிப்போய், எங்கள் வாவியில் பாடும் என்று சொல்லப்படும் மீனின் பாட்டைக் கேட்கவைப்பேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். நீ சித்தியடைந்தாய். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் இருட்டியபின் வாவியில் தோணி இறக்க யாருக்குத் துணிவிருந்தது? பதிலுக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கித் தந்தேன். நீயும் பிறகு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கிண்ணை மரத்தடியில் நிற்கும்போது பல நாள் யோசித்திருக்கிறேன்.

சென்ற பூரணையன்று, அம்மாவின் ஏச்சையும் மீறி, தெரிந்த தோணிக்காரர் ஒருவருடன் போனேன். 1924இல் கட்டிய பழைய பாலம் உனக்கு நினைவிருக்கும். ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும் வரைக்கும் மறுபக்கம் காத்து நின்ற அதே ஒடுங்கிய பாலம். பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலத்தில் லொறிகள் ஓய்வதில்லை. தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையை என் காதோடு வைக்கச் சொன்னார். வெகுநேரம் லொறிகளின் அதிர்வுதான் கேட்டது. பிறகு இரண்டு லொறிகளுக்கிடையில், தம்புராவின் ஒரே ஒரு நரம்பை யாரோ தூரத்தில் மீட்டுவதுபோல் ஒரு நாதம் வந்து, விட்டு விட்டுக் கேட்டது. 1848இல் இங்கே வந்து கேட்ட, இலங்கையில் பிரித்தானிய அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பதுபோன்ற ஒலி என்று எழுதினார். அது ஊரி என்னும் சிப்பியின் சத்தம் என்று மீன்பிடிகாரர் அவரிடம் சொன்னார்களாம். மீனோ ஊரியோ, துடுப்பை உன்னிடம் தரக் கையை நீட்டிவிட்டேன். பக்கத்தில் தோணிக்காரர்தான் இருந்தார்.

நீ லீவு எடுப்பதானால் வைகாசிப் பூரணைக்குள் வரப் பார். மழை தொடங்கினால் தண்ணீர் கலங்கிவிடும், பிறகு ஒன்றும் கேட்காது என்கிறார் அவர். காலைநடைக்கு மட்டும் ஒரு பழைய செருப்பைக் கொண்டு வா. சேற்றுப்பக்கம் உன்னையும் கூட்டிப்போவேன்.

அன்புடன்,
அப்பா