ஆர்.சி.எச். எண் தரும் அன்றே சொல்லிவிடுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைக்கு,

வணக்கம்.

என் மனைவிக்கு இது ஆறாம் மாதம். எங்களுக்கு முதல் குழந்தை. கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு பம்ப் செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், மாதம் 23,500 ரூபாய் சம்பளம். அவள் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள், 12,000 ரூபாய். மூன்றாம் மாதத்தில் மசக்கையும் தலைசுற்றலும் அதிகமாகி, ஹீமோகுளோபின் 9.2 என்று வந்து, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதும் வேலையை விட்டுவிட்டாள். மாதம் 35,500 ரூபாயில் ஓடிய குடும்பம் இப்போது 23,500 ரூபாயில் ஓடுகிறது. அதில் 7,500 வாடகைக்குப் போய்விடும்.

பணம் குறைந்துவிட்டது என்று முறையிட இதை எழுதவில்லை. எங்களுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொள்ளவே மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதம் எங்கே போனது என்று உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் மகப்பேறு விடுப்புச் சம்பளத்தைப் பற்றி விசாரித்தோம். சட்டப்படி 26 வாரம் உண்டு என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தச் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்யும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும்தான். அவள் அலுவலகத்தில் ஆறு பேர். அப்புறம் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பக்கம் போனோம். அதன் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய், 2017 ஜனவரியில் வைத்தது. என் சம்பளம் அதற்கு மேலே இருப்பதால் அந்தக் கதவும் மூடியாயிற்று. இரண்டும் உங்கள் துறையைச் சேர்ந்தவை அல்ல என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டு கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் போன்றவர்கள் உங்களிடம் வருகிறோம். சிறிய அலுவலகத்தில் மனைவி, 21,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டிய சம்பளத்தில் கணவன். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

எங்களுக்கு மிஞ்சியது டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்த திட்டம் அது. இந்தியாவில் இதற்கு ஈடாக ஒரு மாநிலத் திட்டத்தைச் சொல்வது கடினம் என்றே நினைக்கிறேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. 14,000 ரூபாய் பணமாகவும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வருகிறது. பெட்டகத்தில் ஆவின் நெய், பேரீச்சம்பழம், சத்து மாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். ஹீமோகுளோபின் 9.2 என்ற சீட்டைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்தப் பெட்டகத்தின் அருமை தெரியும்.

பத்தாவது வாரத்தில் எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, கர்ப்பிணிக்குத் தரும் அடையாள எண்ணான ஆர்.சி.எச். எண் வாங்கினோம். நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இருக்கும் செவிலியர் அக்கா மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே காலையில் எத்தனையோ கர்ப்பிணிகளுக்கு எடை பார்த்து, பிரஷர் பார்த்து, கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி இணையத்தில் ஏற்றி, தடுப்பூசி நாள் குறித்து, வயிறு வலி என்று வருகிறவளிடம் நின்று பேசி அனுப்புகிறார். எங்களுக்கு என்னென்ன கிடைக்கும் என்று கேட்டோம். "ஆதார், பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் குடுங்க, வர்றது வரும்" என்றார். அவர் நேரத்தில் அதற்கு மேல் சொல்ல முடியாது என்பது எங்களுக்கே புரிந்தது.

அந்த மூன்று ஜெராக்ஸில்தான் எல்லாச் சிக்கலும்.

என் பெயர் இன்னும் வேடசந்தூரில் அப்பாவின் குடும்ப அட்டையில் இருக்கிறது. அவள் பெயர் உடுமலையில் அவளுடைய அப்பாவின் அட்டையில் இருக்கிறது. திருமணமாகி ஒன்றரை வருடம்தான். இரண்டு ஊரிலும் பெயர் நீக்கி, கோவை முகவரிக்குப் புது அட்டை கேட்டு விண்ணப்பித்து இப்போதும் காத்திருக்கிறோம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்குப் போனால், அட்டை அப்பா பெயரில் இருப்பதால் அவர் வருமானத்தையும் கேட்பார்கள் என்றார் அங்கே இருந்தவர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். அந்த நிலத்துக்கும் கோவையில் நாங்கள் கட்டும் வாடகைக்கும் என்ன தொடர்பு?

அடுத்தது பாஸ்புக். அவளுடைய வங்கிக் கணக்கு கல்லூரிக் காலத்தில் தொடங்கியது, அதில் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் திருமணத்துக்குப் பிறகு என் இனிஷியலுக்கு மாற்றியிருந்தோம். எங்கள் அறிவுக்கு எட்டியவரை, ஒழுங்காகச் செய்கிறோம் என்று நினைத்துத்தான் மாற்றினோம். இரண்டும் பொருந்தாததால் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் நான்காம் மாதம் வரவேண்டிய முதல் தவணை 6,000 ரூபாய் இன்னும் வரவில்லை. இது தெரிந்ததே ஆறாம் மாதத்தில்தான். திருமணமான பெண்ணுக்கு இனிஷியல் மாறுவது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நடப்பது. முதல் நாளே யாராவது இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அம்மா, இதைச் சரி பண்ணிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

வருமானக் கணக்கும் இப்படித்தான். எந்தத் திட்டத்துக்குப் போனாலும் "உங்கள் வருமானம் எவ்வளவு?" என்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு 2,50,000. கர்ப்பிணிகளுக்குப் பண உதவி தரும் மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் வருமானம் காட்டித் தகுதி பெறுவதென்றால் 8,00,000. ஒரு இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். போன வருடக் கணக்குப்படி நாங்கள் 4,26,000 ரூபாய்க் குடும்பம். இனி வரும் பன்னிரண்டு மாதத்துக்கு 2,82,000. இரண்டில் எது எங்கள் வருமானம்? கேட்ட இடத்திலெல்லாம் போன வருடத்தையே எழுதச் சொன்னார்கள். மனைவி வேலையை விட்டதே கர்ப்பத்தால்தான். அந்தக் கர்ப்பத்துக்கான உதவியைக் கணக்கிடும்போது அவள் விட்டுவிட்ட சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிடுவது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தேன். மத்திய அரசு வகுக்கும் திட்டங்களுக்கு உட்பட்டு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி உண்டு என்கிறது அது. அரசு, பொதுத்துறை நிரந்தர ஊழியர்களையும் வேறு சட்டத்தில் இதே உதவி பெறுபவர்களையும் மட்டும்தான் விலக்குகிறது. வருமான வரம்பு அந்தப் பிரிவில் இல்லை. 2022-க்குப் பிறகு வந்த மாத்ரு வந்தனா விதிகளில்தான் வருமானமும் அட்டை வகைகளும் நுழைந்தன. அது மத்திய அரசின் விதி, உங்களால் மாற்ற முடியாது. சரி. ஆனால் தமிழ்நாட்டில் முதல் பிரசவத்துக்கு மாத்ரு வந்தனா தரும் 5,000 ரூபாய் உங்கள் திட்டத்தோடு சேர்த்தே வழங்கப்படுகிறது. 18,000 தனி, 5,000 தனி என்று எண்ணி 23,000 ரூபாய்க்குச் செலவுத் திட்டம் போட்ட தம்பதி நாங்கள் மட்டுமாக இருக்க முடியாது. சேர்த்துத் தருவதில் தவறில்லை. அதை எங்களிடம் சொல்லியிருக்கவேண்டும்.

பிரசவம் எங்கே பார்ப்பது என்ற முடிவும் இதே இருட்டில்தான் நடந்தது. பக்கத்தில் உள்ள தனியார் மருத்துவமனையில் விசாரித்தபோது சிசேரியன் என்றால் எண்பதாயிரம் வரை ஆகலாம் என்றார்கள். அவளுடைய அண்ணன் கடன் வாங்கித் தருவதாகச் சொன்னார், நாங்களும் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டோம். உங்கள் திட்டம் அரசு மருத்துவமனைப் பிரசவத்தோடு கட்டப்பட்டது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், அரசு மருத்துவமனையில் சிசேரியன் உட்பட எல்லாம் இலவசம், மருந்து, ரத்தம், சாப்பாடு, போக்குவரத்து வரை உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 2011-இலிருந்து இருக்கும் உரிமை. எங்கள் வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. "தர்ம ஆஸ்பத்திரி" என்ற பழைய பேச்சு மட்டும்தான் தெரியும்.

என் மனைவியைப் பார்க்கும் துறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். தடுப்பூசிக்கும் நிதியுதவிக்கும் நீங்கள். அங்கன்வாடி சத்துமாவுக்குச் சமூக நலத்துறை. குடும்ப அட்டைக்கு உணவு வழங்கல் துறை. வருமானச் சான்றுக்கு வருவாய்த்துறை. இ.எஸ்.ஐ. என்றால் தொழிலாளர் நலம். ஐந்து துறைக்கும் கர்ப்பிணி ஒருத்திதான், அவளை மாதாமாதம் நேரில் பார்ப்பது உங்கள் செவிலியர் மட்டும்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். ஆர்.சி.எச். எண் கொடுக்கும் அன்றே ஒரு தாளும் கொடுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் போட்டு, அவளுக்கு எந்தெந்தத் திட்டம் பொருந்தும், எந்தத் தவணை எந்த மாதம் வரும், எது பொருந்தாது, ஏன் பொருந்தாது, எந்த ஆவணத்தில் என்ன குறை என்று தமிழில் அச்சிட்ட தாள். பதிவின்போது எங்களிடம் வாங்கும் விவரங்களே இதற்குப் பெரும்பாலும் போதும். பிக்மியில் ஏற்றிய பிறகு, அந்தப் பதிவிலிருந்தே தாள் வெளிவரும்படி செய்யலாம். செவிலியர் அக்கா தலையில் இன்னொரு நோட்டைக் கட்டவேண்டாம். வாரத்தில் ஒரு நாள் இதற்கென்றே ஒருவர் உட்கார்ந்தாலும் போதும்.

கர்ப்பத்தால் வேலை போன வீட்டில் இப்போதைய மாத வருமானத்தை உறுதிமொழியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் சம்பளச் சீட்டைத் தருகிறேன், அவளைப் பணியிலிருந்து விடுவித்த கடிதத்தையும் தருகிறேன். புதிதாகத் திருமணமானவர்களுக்குக் குடும்ப அட்டை வரும்வரை திருமணப் பதிவுச் சான்றையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தை பத்து மாதத்தில் வந்துவிடும், அட்டைக்காக அது காத்திருக்காது.

தவணைகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஐந்தாக இருந்ததை மூன்றாகக் குறைத்தீர்கள், கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. எண்ணிக்கை குறைந்தால் தாமதமும் குறையும், அந்த நோக்கம் நல்லதுதான். ஆனால் முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்பது மாதம் வெறுமையாகப் போகிறது. ஒரே சம்பளத்தில் வாழும் வீடு அந்த ஒன்பது மாதத்தில்தான் ஸ்கேன், வளைகாப்பு, பிரசவப் பயணம், குழந்தைத் துணி என்று எல்லாவற்றையும் பார்க்கிறது. குழந்தைக்கு நான்காம் மாதம் தரும் 6,000 ரூபாயில் ஒரு பங்கைக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்துக்கு நகர்த்த முடியுமா என்று பாருங்கள். கூடுதல் பணம் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஏழாம் மாத வளைகாப்பு. அதன் பிறகு அவள் உடுமலைக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள், பிரசவமும் அங்கே அரசு மருத்துவமனையில்தான் என்று முடிவு செய்துவிட்டோம். இங்கே பதிந்த எண்ணோடு அங்கே போனால் இரண்டாவது பெட்டகத்தை எந்த நிலையம் தரும், அடுத்த தவணைக்கான பதிவை யார் செய்வார்கள் என்று கேட்டோம். அக்கா, "அங்க போய்க் கேட்டுக்கங்க" என்றார். தலைப் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் ஊர் வழக்கம், உங்கள் துறைக்கு இது புதிது இல்லை. அதற்குரிய பதிலும் அந்தத் தாளில் இருக்கட்டும். எங்களுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
கோவையிலிருந்து,
ஒரு கணவன்