ரஸ்டி இல்லாத ராஞ்சிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஓட்டிவந்த குதிரை ரஸ்டி இறந்துவிட்டான். போனில் நீ அவனைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியதற்குக் காரணம் இதுதான். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும், ஏனென்றால் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் வேலை, இந்த மலையடிவாரம், இந்தக் குளிர் எல்லாமே கூடவே வந்துவிடும். இந்த நாட்டில் நான் பார்த்ததில் பெரும்பகுதி அவன் இரண்டு காதுகளுக்கு நடுவில் பார்த்ததுதான்.

ராஞ்ச், அதாவது நான் வேலை செய்யும் மாட்டுப் பண்ணை, இருப்பது கனடாவின் ஆல்பர்ட்டாவில், கால்கரிக்குத் தென்மேற்கே, ராக்கி மலைக்கு முன்னால் புல்மேடுகள் தொடங்கும் பகுதியில் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். வருமானம் மாடுகளால், அந்த மாடுகளைக் கவனிக்கத்தான் குதிரைகள். நான்கு சக்கர மோட்டார் பைக்குகளும் இங்கே உண்டு. ஆனால் பனி உருகிச் சேறான சரிவிலும், வில்லோ புதர்களுக்குள்ளும், கன்று ஈன்ற பசுவை மிரட்டாமல் நெருங்க வேண்டிய இடத்திலும் குதிரையை விட்டால் வழியில்லை.

நான் வந்தபோது குதிரையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. முதலாளி என்னைப் பார்த்தார், பட்டியில் நின்ற குதிரைகளைப் பார்த்தார், ரஸ்டியின் கயிற்றை என் கையில் கொடுத்து "இவன் உனக்குச் சொல்லித் தருவான்" என்றார், அவ்வளவுதான். குவார்ட்டர் ஹார்ஸ் இனம், செம்பழுப்பு நிறம், காயடித்த ஆண் குதிரை. உயரம் 15 கை. இங்கே குதிரையின் உயரத்தைக் கைக்கணக்கில்தான் சொல்வார்கள், ஒரு கை 4 அங்குலம், அதாவது தோள்மேடு வரை 60 அங்குலம். பெரிய குதிரை இல்லை. நான் சேணத்தில் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தால் அவன் அந்தப் பக்கம் நகர்ந்து என்னைத் தாங்கிக்கொள்வான், அதற்கும் நான் நிமிரவில்லை என்றால் நின்றுவிடுவான்.

ராஞ்ச் குதிரை என்றதும் எல்லோருக்கும் ஓட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அதன் வேலையில் பாதி நிற்பதுதான், அக்கா. கேட்டைத் திறக்க நான் இறங்காமலேயே கொக்கியை எட்டும்படி பக்கவாட்டில் ஒட்டி நிற்க வேண்டும். நோய் கண்ட கன்றுக்குச் சுருக்குப் போட்டு, கயிற்றைச் சேணத்தின் கொம்பில் சுற்றிவிட்டு, ஊசி போட நான் இறங்கிப் போன பிறகு, முதுகில் ஆளே இல்லாமல், கயிறு தொய்யாமலும் கன்று திணறாமலும் தானே ஓரடி முன்னும் பின்னும் நகர்ந்து பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரஸ்டி இதைச் செய்யும்போது ஒரு காது கன்றின் மேல் இருக்கும், இன்னொரு காது என் மேல்.

தரையைப் பார்த்து நடப்பதிலும் அவனுக்கு ஈடு கிடையாது. இங்கே புல்லுக்குள் பேட்ஜர் என்ற வளைதோண்டும் விலங்கு தோண்டிய குழிகள் எங்கும் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. எங்களுக்குப் பக்கத்தில் லாங்வியூ அருகே பார் யூ என்று 1882இல் தொடங்கிய பழைய ராஞ்ச் ஒன்று இருக்கிறது, இப்போது அது தேசிய வரலாற்றுச் சின்னம். அங்கே முதல் மாடுகளை ஓட்டி வந்தவர்களில் ஒருவர் ஜான் வேர். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, விடுதலையான பிறகு மாடு ஓட்டக் கற்று, வடக்கே இங்கே வந்து சொந்த ராஞ்சே வைத்த கறுப்பினத்தவர். குதிரை விஷயத்தில் அவருக்கு இணையானவர் இல்லை என்று இன்றும் இங்கே பேசுகிறார்கள். அந்த மனிதர் 1905இல் இறந்தது, குதிரையின் கால் பேட்ஜர் குழியில் மாட்டி அது அவர் மேல் விழுந்ததால். இதைக் கேள்விப்பட்ட பிறகுதான், ரஸ்டி பாய்ச்சலுக்கு நடுவில் சட்டென்று தடம் மாற்றுவது எதற்காக என்று எனக்கு உறைத்தது.

அவனுக்கு 23 வயது. நன்றாகக் கவனித்தால் 25, 30 வரைகூட இருப்பார்கள். குளிர்காலம் முடியப்போகிற நேரம், காலையில் காய்ந்த புல் போடப் போனபோது எல்லாக் குதிரைகளும் ஓடி வந்தன, அவன் மட்டும் வேலியோரம் நின்று முன்னங்காலால் தரையைக் கிளறிக்கொண்டு, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். குதிரைக்காரர்கள் எல்லோரும் பயப்படும் அடையாளம் அதுதான். இங்கே அதை கோலிக் என்பார்கள், குடல் வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. சிறுகுடல் மட்டுமே ஏறக்குறைய 20 மீட்டர் நீளம், அது வயிற்றுக்குள் தளர்வாகத் தொங்குகிறது, முறுக்கிக்கொள்ளவும் அடைத்துக்கொள்ளவும் ஆயிரம் வழி. நடக்க வைத்தேன், வலிக்கான மருந்து கொடுத்தோம், டாக்டர் அம்மா வந்தார். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும், அவனுக்கு 80ஐத் தாண்டியிருந்தது. ஈறு சிவந்து கருத்துப்போயிருந்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையில் தேங்கியதை எடுத்தார், வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார், அது சிவப்பாக வந்தது. வயதான குதிரைகளுக்குக் குடலோரம் கொழுப்புக் கட்டி ஒன்று காம்பு நீண்டு தொங்குமாம். அது குடலைச் சுற்றி இறுக்கிவிட்டால் அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாது. அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்றார்.

ஆபரேஷன் செய்யலாம். அதற்கு அவனை வண்டியில் ஏற்றி, அந்த வலியோடு மணிக்கணக்கில் நிற்க வைத்துக் கொண்டுபோக வேண்டும், பிறகு மயக்க மருந்து, பிறகு செத்துப்போன குடலை வெட்டி ஒட்டுவது, எல்லாம் 23 வயதில். குதிரை முதலாளியுடையது, ஆனாலும் அவர் முடிவை என்னிடம் விட்டார். நான் வேண்டாம் என்றேன். அது சரியான முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அவன் உயிரை முடிக்கும் ஊசி போடும்போது தலைக்கயிற்றை நான்தான் பிடித்திருந்தேன், வேறு யாரையும் பிடிக்க விடவில்லை.

அந்த ஊசி மருந்து உடலிலேயே தங்கிவிடும். பிணத்தைத் தின்னும் கழுகும், கொயோட் என்ற சிறு ஓநாயும் செத்துவிடும், அதனால் உடனே ஆழமாகப் புதைத்தாக வேண்டும். தரை உறைந்து கிடந்தது. இந்தப் பக்கம் சினூக் என்று ஒரு வெப்பக் காற்று மலையிலிருந்து இறங்கும், சில மணி நேரத்தில் 20 டிகிரிகூட ஏற்றிவிடும், அது அடித்து மேல்மண் மட்டும் இளகியிருந்தது. அதற்குக் கீழே இயந்திரத்தின் பற்களே திணறின. குழி தயாராகும் வரை மற்ற குதிரைகளை வந்து பார்க்க விட்டோம். இங்கே பலர் அப்படிச் செய்கிறார்கள், எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது, திடீரென்று ஒருவன் காணாமல் போனான் என்று அவை தேடிக்கொண்டிருப்பதைவிட. சில வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் புல் தின்றன. அவனோடு எப்போதும் ஒட்டி நிற்கும் கிழட்டுப் பெட்டைக்குதிரை மட்டும் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதற்குப் பிறகும் சில நாள், சாயங்காலம் ஆனால் அவனைப் புதைத்த மேட்டைப் பார்த்துக் கனைப்பாள். எனக்கு அதைக் கேட்கவே முடியவில்லை.

முதலாளி அவன் வால் முடியைக் கொஞ்சம் வெட்டிக் கட்டி என்னிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இங்கே ஆண்கள் பேச மாட்டார்கள், ஆனால் அந்த வாரம் முழுக்க என் பங்கு இரவுக் காவலையும் அவரே பார்த்தார்.

வேலை நிற்கவில்லை. அடுத்து குட்டி போடும் காலம் வந்துவிட்டது. குதிரைக்குக் கர்ப்பம் பதினோரு மாதம், பெரும்பாலும் ராத்திரியில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துத்தான் ஈனும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நச்சுக்கொடி விழ வேண்டும், இல்லையென்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். சீம்பால்தான் முக்கியம்: குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது, முதல் ஒரு நாளுக்குள்தான் அதன் குடல் சீம்பாலிலிருந்து அதை உறிஞ்சும், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். நீண்ட கால்களை எந்தப் பக்கம் மடக்குவது என்று தெரியாமல் விழுந்து எழும் குட்டியைப் பார்த்துக்கொண்டு ராத்திரி பூராவும் உட்கார்ந்திருந்தால் மனசு ஆறும் என்றுதான் நீ நினைப்பாய். எனக்கு அப்படி இல்லை. குட்டிகள் மேல் ஆசை இருந்தது, துக்கமும் அப்படியே இருந்தது, ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை.

ஆறியது என்றால், கொஞ்சமாவது ஆறியது, வட்டப் பட்டியில்தான். ஸ்மோக்கி என்று ஒரு மூன்று வயதுப் பெட்டை, நீலச் சாம்பல் நிறம், இந்த வருடம் அவளைப் பழக்கும் பொறுப்பு எனக்கு. ரஸ்டிக்கும் அவளுக்கும் சொந்தமும் இல்லை, ஜாடையும் இல்லை. அவன் எதையும் யோசித்துச் செய்பவன், இவள் காற்றில் ஒரு சாக்கு ஆடினாலே பட்டியின் அந்தக் கோடிக்குப் போய்விடுவாள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. இடது கண்ணில் பார்த்துப் பழகிய பொருள் வலது கண்ணுக்கு வரும்போது புதிதாக மிரள்வதும் உண்டு. அதனால் சேணப் போர்வையை இடப்பக்கம் தடவினால் வலப்பக்கமும் முதலிலிருந்து தடவ வேண்டும், அவசரப்படாமல்.

இந்தப் பக்கத்து ராஞ்சுகளில் முன்பு குதிரையைப் பழக்குவது என்றால் கட்டிப் போட்டு, அது துள்ளி ஓய்கிற வரை மேலே உட்கார்ந்திருப்பதுதான். அதை மாற்றியவர்கள் என்று எல்லோரும் சொல்லும் பெயர்கள், ஒரேகானில் வளர்ந்த டாம் டாரன்ஸ், அவர் அண்ணன் பில் டாரன்ஸ், அவர்களிடம் கற்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த ரே ஹன்ட். மூவரும் இப்போது இல்லை. அவர்கள் காட்டிய வழியில் எனக்குப் பிடிபட்டது இது: காலால் லேசாகத் தொட்டுக் கேட்கிறோம், குதிரை ஓர் எட்டு எடுத்து வைத்த நொடியே, ஏன், வைக்கலாமா என்று உடம்பைச் சாய்த்த நொடியே, காலைத் தளர்த்திவிட வேண்டும். அழுத்தத்தால் அது எதையும் கற்பதில்லை, நாம் விடும் அந்தக் கணத்தில்தான் "ஓ, இதைத்தான் கேட்டானா" என்று அதற்குப் புரிகிறது. அரை நொடி தாமதித்து விட்டால், அந்த அரை நொடியில் அது என்ன செய்ததோ அதைக் கற்றுக்கொள்ளும். எனக்கு இந்த நேரக்கணக்கைச் சொல்லித் தந்தது ரஸ்டி. நான் சரியாக விட்டால் அவன் முகத்தசை தளரும், உதட்டை நக்குவான்.

குதிரைக்கு நம் துக்கம் புரியும் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓர் ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சுண்டி உதறும் உடம்பு அது. என் மூச்சு மேலோட்டமாகப் போவதும் தொடை இறுகுவதும் ஸ்மோக்கிக்குத் தெரியும், காரணம் அவளுக்குத் தேவையில்லை, பக்கத்தில் ஏதோ ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்வாள். அதனால் பட்டிக்குள் போகும் முன் வேலியோரம் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அழுகை வந்தால் அங்கேயே அழுது முடித்துவிடுகிறேன். அழுகை நிற்கவில்லை என்றால் அன்று அவளை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவவோ வேலிக் கம்பி இழுக்கவோ போய்விடுகிறேன். உள்ளே போய்விட்டால் அவளைத் தவிர வேறு நினைப்புக்கு இடம் கிடையாது, அவள் விட மாட்டாள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உனக்கு எப்படிச் சொல்வது!

சிரமம் உடம்பில்தான் இருக்கிறது. என் உடம்பு ரஸ்டிக்குப் பழகியது. நான் இடுப்பைத் தளர்த்தினால் அவன் நிற்பான், அவளுக்கு அதற்கு இன்னும் அர்த்தமே கிடையாது. முதல் தடவை அவள் மேல் ஏறி உட்கார்ந்து, அவள் முதுகு விறைத்து மெல்ல இளகியபோது, என் கை தானாக அவன் கழுத்தைத் தட்டும் இடத்துக்குப் போனது. அவளுக்கு அந்த இடத்தில் தொட்டால் பிடிக்காது, தோள்மேட்டுக்குப் பக்கத்தில் சொறிந்தால்தான் பிடிக்கும். அவளிடம் ரஸ்டியைத் தேடுவது அவளுக்குச் செய்யும் அநியாயம், ரஸ்டிக்கும்தான். முதலாளியும் இரண்டு மூன்று பேரும் "அவன் மாதிரியே ஒன்று கிடைக்கும்" என்று ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் நல்லவர்கள், ஆனால் எனக்கு அவன் மாதிரி ஒன்று வேண்டாம்.

அவசரப்படாமல் போகிறேன். குதிரையின் முதுகெலும்பு முழுதாக முற்றுவதற்கு ஐந்தரை ஆறு வயதாகும், கால் எலும்புகளுக்குப் பிறகுதான் அது. இரண்டு வயதிலேயே நாள் முழுக்க வேலை வாங்குபவர்கள் இருக்கிறார்கள், பிறகு பத்து வயதில் முதுகு வலி, கால் நொண்டல் என்று விற்றுவிடுவார்கள். எனக்கு அதில் கோபமே வருகிறது. ரஸ்டியை அந்தக் காலத்தில் மெதுவாகத்தான் பழக்கினார்களாம், 23 வயதிலும் அவன் நொண்டியதில்லை. ஸ்மோக்கிக்கு இந்த வருடம் ஸ்னாஃபிள் என்ற மென்மையான கடிவாளம் மட்டும், குறுகிய சவாரிகள் மட்டும். அடுத்த வருடம் முடிந்தால் போசால், அது பச்சைத்தோலில் பின்னி மூக்கில் மாட்டும் வளையம், வாயில் எதுவுமே இருக்காது. முழுக் குதிரையாக அவள் ஆக இன்னும் சில வருடம் போகும். நான் இருப்பேன்.

ஜூனில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் வேலை, அக்கம்பக்கத்து ராஞ்ச்காரர்கள் எல்லோரும் வந்து உதவுவார்கள். அதற்குள் ஸ்மோக்கியைக் கூட்டத்துக்கு வெளியே சும்மா நிற்கப் பழக்கிவிட வேண்டும் என்று இருக்கிறேன். நாளைக்குக் குளம்பு சீவுபவர் வருகிறார், அவர் பின்னங்காலைத் தூக்கும்போது இவள் என்ன செய்வாளோ என்றுதான் இப்போது கவலை.

அம்மாவிடம் ரஸ்டி விஷயத்தை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, அவன் பெயரைச் சொல்லித்தான் எப்போதும் என்னை விசாரிப்பார்கள். அத்தானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அப்புறம், போன குளிர்காலத்தில் நான் உனக்கு அனுப்பிய அவன் படங்கள் உன் போனில் இருந்தால் அழித்துவிடாதே, எனக்குத் திருப்பி அனுப்பு. பனியில் மீசையெல்லாம் வெள்ளையாக நிற்பானே, அந்தப் படம் என்னிடம் இல்லை.

உன் அன்புத் தம்பி