டிடபிள்யூஜி மட்டும் போதாது: ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் சேருங்கள்

சாலை, குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கு ஒப்பந்த ஆவணம் தயாரிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தரவு ஒப்படைப்பு பற்றி உங்கள் ஆவணங்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: "வரைபடங்களை டிடபிள்யூஜி வடிவில் தர வேண்டும்." டிடபிள்யூஜி என்பது ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருளின் கோப்பு வடிவம். வடிவமைப்பாளரின் கணினியில் விட்டம், சரிவு, குழாய்ப்பொருள் எல்லாவற்றோடும் இருந்த குழாய், இந்த வரியின்படி வந்து சேரும்போது வெறும் கோடாகவும் அதன் பக்கத்தில் மிதக்கும் எழுத்தாகவும் ஆகிவிடுகிறது. ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) பிரிவினர் அதைப் பார்த்து மறுபடி கையால் வரைகிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் கூடுதலாக எழுதினால் இது நிற்கும். அந்தப் பக்கத்தில் என்ன வேண்டும் என்று சொல்லவே இந்த மடல்.

முதலில் ஆயத்தொலைவு முறை. "யுடிஎம்" (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை) என்று மட்டும் எழுதினால் எந்த மண்டலம், எந்த டேட்டம் (அளவுக்கு அடிப்படையான பூமி மாதிரி) என்ற கேள்வி மிஞ்சும். ஒவ்வொரு ஆயத்தொலைவு முறைக்கும் தரப்பட்டுள்ள இபிஎஸ்ஜி எண்ணைக் குறிப்பிடுங்கள். அடுத்து, வடிவமைப்பு யுடிஎம் கட்டவலை (கிரிட்) அளவில் நடக்கிறதா, தரையில் அளக்கும் உண்மை நீளத்திலா என்று கேளுங்கள். யுடிஎம் மண்டலத்தின் மையத் தீர்க்கரேகையில் அளவுக் காரணி 0.9996. அதாவது 1 கிலோமீட்டர் அங்கே 999.6 மீட்டராகிறது. பாலம் கட்டுகிறவர் இந்த 40 செ.மீ. வித்தியாசத்தை ஏற்க முடியாது. அதனால் வடிவமைப்பாளர் எல்லாவற்றையும் தரை அளவுக்கு மாற்றிக்கொள்கிறார். அது சரியான முடிவுதான். ஆனால் எந்தக் காரணியால், எந்தப் புள்ளியை நிலையாக வைத்து மாற்றினார் என்பது கோப்பில் இருப்பதில்லை. ஆயத்தொலைவின் தொடக்கப் புள்ளியை (0,0) நிலையாக வைத்திருந்தால் 12,00,000 மீட்டர் என்ற வடக்கு ஆயத்தொலைவு ஏறத்தாழ 480 மீட்டர் நகர்ந்திருக்கும், ஆனாலும் எண்ணைப் பார்த்தால் அசல் யுடிஎம் போலவே தெரியும். பிறகு யாராவது செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துக் கண்ணளவில் இழுத்துப் பொருத்துவார்கள். பிழை அங்கேயே தங்கிவிடும். எனவே காரணி, நிலைப்புள்ளி, சுழற்சிக் கோணம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தரை அளவு ஆயத்தொலைவுகளிலிருந்து ஒரு பெரிய முழு எண்ணைக் கழித்துவிடச் சொல்லுங்கள். அப்போது அவற்றையும் அசல் யுடிஎம் எண்களையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

உயரத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இடமறியும்) கருவி நேரடியாகத் தருவது, பூமிக்கு நெருக்கமான கணித உருவமான நீள்வட்டத் திண்மத்திலிருந்து அளந்த உயரம். தண்ணீர் ஓடுவதோ ஜியாய்டை (சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய ஈர்ப்புப் பரப்பு) ஒட்டிய உயரத்தைப் பொறுத்து. இரண்டுக்கும் உள்ள இடைவெளி உலகில் இடத்துக்கு இடம் சுமார் −106 மீட்டரிலிருந்து +85 மீட்டர் வரை மாறும். எந்த ஜியாய்டு மாதிரி என்று எழுதாமல் விட்டால், இரு மாதிரிகளுக்கிடையே 20 செ.மீ. வேறுபாடு வருவது அரிதல்ல. 1:250 சரிவுள்ள கழிவுநீர்க் குழாயில் 20 செ.மீ. என்பது 50 மீட்டர் ஓட்டத்துக்கான இறக்கம்.

வளைவுகளைச் சுருக்கமாகவே சொல்கிறோம். ஜிஐஎஸ்ஸில் பரவலான கோப்பு வடிவமான ஷேப்ஃபைலுக்கு வட்ட வில் தெரியாது. சாலை வளைவு நேர்த்துண்டுகளாக உடையும். நாணின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் நேர்த்துண்டுக்கும் உண்மை வளைவுக்கும் உள்ள விலகல் கிடைக்கும். 300 மீட்டர் ஆரத்தில் 20 மீட்டர் நாண் போட்டால் நடுவில் 16.7 செ.மீ. விலகும். 5 மி.மீ.க்குள் வேண்டுமென்றால் நாண் 3.46 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஏற்கும் விலகலை எண்ணாகவே எழுதுங்கள். மையக்கோட்டையும் தரைமேற்பரப்பையும் லேண்ட்எக்ஸ்எம்எல் 1.2 அல்லது ஐஎஃப்சி 4.3 என்ற திறந்த பரிமாற்ற வடிவில் தனியாகக் கேளுங்கள்; அவற்றில் வில்லும், நேர்கோட்டையும் வில்லையும் படிப்படியாக இணைக்கும் மாறுவளைவும் அப்படியே நிற்கும். லேண்ட்எக்ஸ்எம்எல்லில் புள்ளிகள் வடக்கு, கிழக்கு, உயரம் என்ற வரிசையில் இருக்கும். கிழக்கை முதலில் எதிர்பார்க்கும் நிரலில் ஏற்றினால் திட்டமே குறுக்காகத் திரும்பிவிடும்.

குழாய், மேன்ஹோல், மின்கம்பம் போன்றவற்றுக்கு ஜியோபேக்கேஜ் என்ற ஜிஐஎஸ் கோப்பு வடிவைக் கேளுங்கள். ஷேப்ஃபைலில் புலத்தின் (தரவு அட்டவணை நெடுவரிசை) பெயருக்கு 10 பைட்டுகள்தான் இடம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியுரு 3 பைட் எடுக்கும். மூன்று குறியுருக்களோடு பெயர் முடிந்துவிடும். வெறுமையான மாதிரிக் கோப்பை நீங்களே தயாரித்து ஒப்பந்தத்தோடு கொடுங்கள். விட்டம் என்று ஒரு புலம் மட்டும் வைத்தால் போதாது, உள்விட்டமா வெளிவிட்டமா என்று இன்னொரு புலம் வேண்டும்: 110 மி.மீ. பாலிஎத்திலீன் குழாய் என்பது வெளி அளவு, வார்ப்பிரும்புக் குழாயின் பெயரளவு உள்ளளவை ஒட்டியது. மேல்முனை, கீழ்முனை இன்வர்ட் (குழாயின் உள் அடிப்புற) மட்டங்கள் தனித்தனிப் புலங்களாகட்டும். கோடு நீரோட்டத் திசையில் வரையப்பட்டிருக்க வேண்டும். அதன் முனைகள் மேன்ஹோல் புள்ளியை 1 மி.மீ.க்குள் தொட வேண்டும்.

அடையாள எண்ணை நீங்களே வழங்குங்கள். டிடபிள்யூஜி கோப்பிலுள்ள ஹேண்டிலை (மென்பொருள் ஒவ்வொரு பொருளுக்கும் தானே இடும் எண்) நம்பாதீர்கள். பொருளை வேறு வரைபடத்துக்கு நகலெடுத்தால் அது மாறக்கூடும். எண் மாறினால் பராமரிப்புப் பதிவு குழாயிலிருந்து அறுந்துபோகும்.

எதிர்த்திசையில் நடப்பதுதான் எங்களுக்கு மிகுந்த கவலை தருகிறது. பழைய காகித வரைபடத்தைப் பார்த்து ஜிஐஎஸ்ஸில் ஏற்றிய குழாய் 2 மீட்டர் தள்ளி இருக்கலாம். அதையே கேட் (கணினி வழி வடிவமைப்பு) மென்பொருளில் திறந்தால் ஆயத்தொலைவு நான்கு தசம இடங்களோடு தெரிகிறது. அந்த எண்ணை நம்பி வடிவமைத்துத் தோண்டினால் பழைய குழாய் உடையும். எரிவாயு, மின்கேபிள் என்றால் உயிரே போகும். அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கத்தின் ஏஎஸ்சிஇ 38 தரநிலை இதற்கென்றே நான்கு நிலைகள் வகுத்திருக்கிறது: டி பழைய ஆவணம், சி தரைக்குமேல் தெரியும் அடையாளங்களைக் கொண்டு சரிபார்த்தது, பி நிலத்தடிக் கருவியால் கண்டறிந்தது, ஏ தோண்டிப் பார்த்து அளந்தது. நீங்கள் வெளியே தரும் ஒவ்வொரு கோட்டிலும் இந்த எழுத்து ஒரு புலமாக இருக்கட்டும்.

கடைசியாக, சோதனைப் பரிமாற்றத்தை முதல் தவணைக்கு நிபந்தனையாக்குங்கள். நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள், ஒரு வளைவு, மூன்று மேன்ஹோல்கள், அவற்றை இணைக்கும் இரண்டு குழாய்கள் போதும். வடிவமைப்பு மென்பொருளிலிருந்து ஜிஐஎஸ்ஸுக்கும், அங்கிருந்து திரும்பவும் கொண்டுபோய், ஆயத்தொலைவையும் ஒவ்வொரு புலத்தையும் ஒப்பிடுங்கள். புள்ளிகளில் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ ஒரு புலம் காலியானாலோ திருப்பி அனுப்புங்கள். வடிவமைப்பு தொடங்கும்போது இது அரை நாள் வேலை. கட்டுமானம் முடிந்த பிறகு இதே குறைகளைச் சரிசெய்ய மூடிய பள்ளத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வடிவமைப்புக் கோப்புகளையும் புவியியல் தரவையும் இணைக்கும் பணியிலுள்ள பொறியாளர்கள்