அழைப்பின் தரத்தை அழைப்பு நடக்கும்போதே அளப்பது பற்றி

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிஆர்ஐ எனும் பழைய தொலைபேசி லைனிலிருந்து, இணைய இணைப்பு வழியே அழைப்பைக் கொண்டுசெல்லும் சிப் டிரங்குக்கும் ஐபி போனுக்கும் மாறிய அலுவலகங்களிலிருந்து எங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஆனால் இணைய வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. வேகம் இருந்தும் குரல் ஏன் உடைகிறது என்பதையும், அதைக் கண்டறிய உங்கள் அலுவலகத்தில் நாங்கள் நிறுவவிருக்கும் கண்காணிப்பு மென்பொருள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

ஓர் அழைப்புக்கு வேண்டிய வேகம் மிகச் சொற்பம். குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் குரலுக்கு மட்டும் நொடிக்கு 64 கிலோபிட். குரலைச் சுமந்து செல்லும் சிறு தரவுத் துண்டான பாக்கெட்டின் தலைப்புத் தகவல்களையும் சேர்த்தால் ஒரு திசைக்கு ஏறத்தாழ 87 கிலோபிட், அவ்வளவுதான். வேகத்தைவிட முக்கியமானது ஒழுங்கு. பொதுவாக 20 மில்லிவிநாடிக்கு ஒன்று வீதம் நொடிக்கு 50 பாக்கெட்டுகள் கிளம்புகின்றன; ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் நேரக்குறியும் உண்டு. நெடுநேரம் வராத பேருந்து, ஒரே தட எண்ணில் மூன்றாகச் சேர்ந்து வந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். பாக்கெட்டுகள் அப்படி இடைவெளி குலைந்து வருவதைத்தான் ஜிட்டர் என்கிறோம். சற்றுத் தாமதமாக வருவதைச் சமாளிக்க, பாக்கெட்டுகளைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் ஜிட்டர் பஃபர் போனில் இருக்கிறது. ஆனால் அதன் அளவையும் தாண்டி வரும் பாக்கெட் வந்தும் பயனில்லை, போன் அதைத் தள்ளிவிடும். ஒரு கோப்பு 200 மில்லிவிநாடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. வேகச் சோதனையும் அதைக் காட்டாது. பேச்சில் மட்டும் அது உடனே காதுக்குத் தெரிந்துவிடும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது, 400ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் கண்டதைச் சொன்னால் இது தெளிவாகும். அங்கே முற்பகலில் பேசும் வெளியூர் வியாபாரிகள், ‘நீங்கள் பேசுவது துண்டு துண்டாகக் கேட்கிறது’ என்றார்கள். அலுவலக ஊழியர்களுக்கோ எதிர்முனைக் குரல் தெளிவாகவே கேட்டது, அதனால் குறை வியாபாரிகளின் போனில்தான் என்று அவர்கள் நம்பினார்கள். மென்பொருளை, அலுவலகக் கருவிகளை இணைக்கும் ஸ்விட்சின் மிரர் போர்ட்டில் (கடந்து செல்லும் பாக்கெட்டுகளின் நகலைத் தரும் முனை) இணைத்துப் பார்த்தபோது, வெளியே செல்லும் பாக்கெட்டுகள் ஸ்விட்ச் வரை பிசகின்றி இருந்தன. தனக்கு வந்து சேர்ந்த பாக்கெட்டுகளைப் பற்றி எதிர்முனை திருப்பி அனுப்பும் ஆர்டிசிபி அறிக்கையிலோ அதே அழைப்பின் ஜிட்டரும் பாக்கெட் இழப்பும் எகிறியிருந்தன. அப்படியானால் குறை ஸ்விட்சுக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். அதே நேரத்தில் சிசிடிவி பதிவுகள் தலைமை அலுவலகத்துக்குப் பதிவேறிக்கொண்டிருந்ததால், ரூட்டரில் அப்லோடு நிரம்பி, குரல் பாக்கெட்டுகள் வரிசையில் காத்துக் கிடந்தன. பதிவேற்றத்தின் வேகத்துக்கு வரம்பு வைத்து, குரலுக்கென இடப்படும் டிஎஸ்சிபி 46 என்ற குறியுள்ள பாக்கெட்டுகளுக்கு ரூட்டரில் முன்னுரிமை கொடுத்ததும் புகார் நின்றது. கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்ட வேண்டிய தேவையே எழவில்லை.

மென்பொருள் ஒவ்வோர் அழைப்புக்கும் எம்ஓஎஸ் எனப்படும் 1 முதல் 5 வரையிலான மதிப்பெண் தரும். மனிதர்கள் கேட்டுச் சொல்லும் கருத்தைச் சார்ந்த அளவுகோல் இது; மென்பொருள் அதை ஜி.107 பரிந்துரையின் கணக்கீட்டு முறையால் மதிப்பிடுகிறது. ஜி.711இல் கோளாறே இல்லாத அழைப்புக்கும் சுமார் 4.4தான் கிடைக்கும் என்பதால், 5 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்; 3.6க்குக் கீழே இறங்கினால் கவனியுங்கள். நாள் முழுவதற்குமான சராசரியை மட்டும் பார்க்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். காலையில் பத்து நிமிடம் படுமோசமாக இருந்த லைனும் மாலையில் 4.2 சராசரியோடு நல்ல பிள்ளையாகத் தெரியும். ஆகவே எங்கள் மாத அறிக்கையில் மோசமான நிமிடங்களே முதலில் இருக்கும்.

‘இது எங்கள் பேச்சை ஒட்டுக்கேட்குமா?’ என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் நிறுவும் முறையில் கேட்காது. ஜிட்டரையும் பாக்கெட் இழப்பையும் அளக்கப் பாக்கெட்டின் தலைப்பில் உள்ள வரிசை எண்ணும் நேரக்குறியும் போதும். எஸ்ஆர்டிபி முறையில் குரலை மறையாக்கம் செய்திருந்தாலும் இந்தத் தலைப்பு மறைக்கப்படுவதில்லை என்பதால் இந்த அளவீடு தடைபடாது. குரல்பதிவு எதுவும் சேமிக்கப்படாது. ஆனால் யார், எப்போது, யாருக்குப் பேசினார் என்ற விவரம் பதிவாகும். அதுவும் தனிப்பட்ட தகவலே என்பதால், அதைப் பார்க்கும் உரிமை நீங்கள் குறிப்பிடும் பொறுப்பாளருக்கு மட்டுமே தரப்படும்.

குறை உங்கள் கட்டடத்துக்கு வெளியே இருக்கும்போதுதான் இந்தப் பதிவுகள் மிகவும் உதவும். மெட்ரோவுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் சாலை தோண்டும் இடங்களில் ஃபைபர் அறுபட்டு, இணைப்பு மாற்று வழிக்குப் போனால், லைன் இருப்பதாகவே தெரியும். தாமதம் மட்டும் கூடியிருக்கும். ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட, இன்ன நேரத்திலிருந்து தாமதம் இவ்வளவு என்ற பதிவை அனுப்பினால் இணையச் சேவை நிறுவனம் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

நிறுவ வரும் முன், உங்கள் ஸ்விட்சில் மிரர் போர்ட் வசதி இருக்கிறதா, ஒரு போர்ட் காலியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அழைப்புக்கான தகவல்களை இடையில் மாற்றி எழுதும் சிப் ஏஎல்ஜி வசதி ரூட்டரில் இயக்கத்தில் இருந்தால் அதை நாங்கள் வரும்போது அணைத்துவிடுகிறோம். ஒருபக்கம் மட்டும் குரல் கேட்கும் கோளாறுக்கு அடிக்கடி அதுவே காரணம். இனி புகார் தெரிவிக்கும்போது எக்ஸ்டென்ஷன் எண், அழைப்பின் நேரம், குரல் யாருக்கு உடைந்தது என்ற மூன்றையும் குறிப்பிட்டால், அந்த அழைப்பை அன்றே எடுத்துப் பார்த்துப் பதில் தருவோம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை