பெரியவர் மாட்டுப் பட்டிக்கு முறை பிரிக்கணும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம மேக்கால தோட்டத்துப் பெரியவர் நேத்து ராத்திரி தவறிட்டாருங்க. எடுப்பு இன்னிக்கு (வெள்ளி) மாலை 4 மணிக்கு. கிளுவை வேலி போட்டு, கொறங்காட்டை (மேய்ச்சக் காடு) நாலாப் பிரிச்சு, கொழுக்கட்டைப் புல்லு தூரோட போகாம மாத்தி மாத்தி மேய்ச்ச மனுசன். மாட்டுக்குச் சுழி பாக்க இனி யாரைக் கூப்புடறதுன்னு தெரியல.

காரியம் முடியற வரைக்கும் அவரு காங்கயம் மாடுகளை நாமதான் பாக்கணும். 4 மாடு, 1 கன்னு, 1 பொலிகாளை.

1. பூமாலை வேண்டாம், ஆளுக்கு ஒரு கட்டு காஞ்ச சோளத்தட்டு கொண்டாங்க. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 6 கிலோ, நறுக்கிப் போடணும்.
2. பூட்டை (கதிர்) வராத பச்சைச் சோளம் கூடவே கூடாது. வாடுன பயிர்ல நஞ்சு அதிகம். தின்ன கொஞ்ச நேரத்துல வயிறு ஊதும் முன்னயே மாடு சாஞ்சுரும்.
3. காளையைப் பழகுன ரெண்டு பேரு மட்டும் அவுக்கணும். புதுக் கை பட்டா முட்டும்.
4. கன்னு செவலையா இருக்குதேன்னு கேக்காதீங்க, ஆறு மாசத்துல வெளுத்துரும்.
5. யாவாரிங்க எழவு வீட்டுலயே வெலை பேச வருவாங்க. விக்கறதா வேண்டாமான்னு ஆத்தா சொல்லட்டும்.

காலை 6, மாலை 5, ரெண்டு முறை. யாரு எந்த நாள்னு இன்னிக்கு ராத்திரி 8க்குள்ள இங்கயே போடுங்க.