பெட்டிக்குள் இருப்பதைப் பெட்டிமேல் எழுதுங்கள்

பழைய அமெரிக்க கார்களுக்குப் புதிதாக உதிரிபாகம் செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறேன். வீட்டு கராஜில் ஒரு 1967 ஃபோர்டு மஸ்டாங் நிற்கிறது. 390 கன அங்குல வி8 எஞ்சின். மஸ்டாங்கை மசில் கார் (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்) என்று சொன்னால், அது போனி கார் (சிறிய, ஸ்டைலான கார்) என்று சண்டைக்கு வருவார்கள். 320 குதிரைத்திறன் எஞ்சினை மூக்கில் வைத்த பிறகு எந்தப் பெயரில் கூப்பிட்டால் என்ன!

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 1967 மாடல் மஸ்டாங் மட்டுமே 4.7 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதனால்தான் தரைத் தகடு முதல் கதவு ரப்பர் வரை இன்றும் உங்களிடம் புதிதாகக் கிடைக்கிறது. நீங்கள் இல்லையென்றால் என் வண்டி என்றோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

மழை பெய்தால் அதில் டிரைவர் காலடி நனையும். முன்கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே வரும் கௌல் பெட்டி துருப்பிடித்து ஒழுகுவது அந்தக் கால மஸ்டாங்குகளின் பிறவி நோய். மேல்தகட்டைக் கழற்ற ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்க வேண்டும். அத்தனையும் முடித்துப் புதுத் தகட்டை வைத்தால் ஒரு மூலை உட்காரவில்லை. ஊரில் டிங்கரிங் என்போமே, அதை இரண்டு சனிக்கிழமை செய்தேன். அதுகூடப் பரவாயில்லை, தகட்டின் கோணல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எஞ்சினுக்குள் போகிற பாகம் அப்படியா?

கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டின் மேடுகள் தள்ள, வால்வைத் திறக்க உதவும் சிறு உருளைதான் டேப்பட். இந்த எஞ்சினில் இருப்பதைத் தட்டை டேப்பட் என்கிறோம். உண்மையில் அதன் அடி தட்டையாக இருக்காது. நடுவில் மயிரிழை புடைத்திருக்கும். கேம் ஷாஃப்டின் மேடும் லேசாகச் சரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழல வைக்கின்றன. சுழலாவிட்டால் ஒரே இடத்தில் நின்று அரைக்கும். புது கேமைப் பழக்க, எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் 20 நிமிடம் ஓடவிடுவது வழக்கம். நான் புதிதாக வாங்கிப் போட்ட டேப்பட் செட், அந்த 20 நிமிடம் முடிவதற்குள்ளேயே டக்டக் என்று அடிக்க ஆரம்பித்தது. ஆயிலை வடித்தால் வெள்ளிப் பெயின்ட் கலந்ததுபோல மினுமினுப்பு. பிரித்தபோது கேமில் இரண்டு மேடுகள் மழுங்கிக் கிடந்தன. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் குறைந்த ஆயில் ஊற்றியிருப்பாய் என்பீர்கள். துத்தநாகச் சேர்மானம் உள்ளதைத்தான் தேடி வாங்கி ஊற்றினேன்.

பிறகு ஒரு வயதான மெக்கானிக் சொல்லிக்கொடுத்தார்: இரண்டு டேப்பட்டை அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடி, ஓரத்தில் ஒளிக்கீற்று தெரியணும், லேசாக ஆடணும். மழுங்கிய மேடுகளில் ஓடியவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடித்துப் பார்த்தேன். பல ஜோடிகள் ஆடவே இல்லை; அதாவது அடியில் புடைப்பே இல்லை.

விற்றவர் டேப்பட் காசைத் திருப்பித் தந்தார். கேம், கேஸ்கெட், ஆயில், எஞ்சினை இறக்கி ஏற்றிய கூலி எல்லாம் என் தலையில். அந்த ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுத்தபோது நான் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

80களில் கார் நிறுவனங்கள் அடியில் உருளும் சக்கரம் வைத்த ரோலர் டேப்பட்டுக்கு மாறத் தொடங்கியபின் இந்த வேலையில் லாபம் சுருங்கிவிட்டது, புரிகிறது. மலிவுச் சரக்கையும் விற்றுக்கொள்ளுங்கள்; கண்காட்சியில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு அது போதும். ஆனால் பெட்டியின் மேல் எழுதுங்கள்: எந்த நாட்டில் செய்தது, எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி), டேப்பட்டானால் அடிப்பாகத்தின் கடினம் எவ்வளவு, புடைப்பை அளந்தீர்களா, தகடானால் தடிமன் எவ்வளவு, அச்சு எடுத்தது ஒரிஜினலில் இருந்தா, இன்னொரு நகலில் இருந்தா. கார் நிறுவனத்திடம் 'லைசென்ஸ் பெற்றது' என்ற முத்திரை இதில் ஒன்றையும் சொல்வதில்லை. அளந்து அனுப்பும் டேப்பட்டுக்கு இரண்டு மடங்கு விலை சொன்னாலும் வாங்கிக்கொள்வேன்.

கழற்றிய 16 டேப்பட்டும் ஒரு காபி டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. உங்களில் யாராவது அளந்து பார்க்க விரும்பினால் தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்