இதயம் மாற்றியவரைப் பார்க்கப் போகும் முன்

ஆசிரியருக்கு,

இதய மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிப் போன வாரம் நீங்கள் போட்ட கட்டுரை நல்லது, ஆனால் நோயாளி வீட்டுக்கு வந்ததோடு அது முடிந்துவிட்டது. எங்களுக்குப் பயமே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 1967 டிசம்பரில் கேப் டவுனில் டொக்டர் பேர்னாட் செய்த முதல் சத்திரசிகிச்சையிலும் புது இதயம் நன்றாகத்தான் துடித்தது, ஆனால் நோயாளி 18 நாளில் நியூமோனியாவால் இறந்துபோனார். இன்றைக்கும் முதல் வருடத்தில் உயிரைப் பறிக்கும் பெரிய காரணங்களில் கிருமித்தொற்றும் ஒன்று.

என் அண்ணருக்குச் சென்னையில் இதயம் மாற்றினார்கள், இப்போது யாழ்ப்பாணத்தில் எங்களோடு இருக்கிறார். புது இதயத்தை உடம்பு தாக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை அவர் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். முதல் மாதத்தில் காயத்திலும் நுரையீரலிலும் ஆஸ்பத்திரிக் கிருமிகள் பிடிக்கும். அதன்பின் ஆறாம் மாதம் வரைக்கும் சைட்டோமெகலோ வைரஸ், பங்கசு, டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி என்று, மற்றவர்களுக்குள் சத்தமில்லாமல் கிடப்பவை எல்லாம் தலைதூக்கும். டொக்சோபிளாஸ்மா, இதயம் கொடுத்தவரின் இதயத் தசைக்குள்ளேயே ஒளிந்திருந்து வரக்கூடியது, அதனால்தான் அதைத் தடுக்கும் மாத்திரையை டொக்டர் சொல்லாமல் நிறுத்த விடமாட்டார்கள்.

ஆனால் எங்கள் சனத்துக்கு இது தெரியாது. தடிமனோடும் இருமலோடும் சுகம் விசாரிக்க வருகிறார்கள், வாசலில் நிறுத்தினால் கோபிக்கிறார்கள். அன்பில்தான் வருகிறார்கள், அது எனக்கு விளங்கும், ஆனால் தொலைபேசியில் விசாரித்தால் போதுமே! காய்ச்சல் என்றால் பனடோல் போட்டுப் பார்ப்போம் என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்க ஸ்டீரொயிட்டும் எடுப்பவருக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமல் இருக்கலாம், அதையும் பனடோலால் மறைத்தால் பிறகு என்ன மிஞ்சும்? பாமசியில் கேட்டு கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை வாங்கிக் கொடுத்தால் டக்ரோலிமஸ் இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லேசான காய்ச்சல் என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இதயம் மாற்றியவர் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுக்கிறோம், வீட்டில் எல்லோரும் வருடாவருடம் இன்புளுவென்சா ஊசி போடுகிறோம். மாரியில் டெங்கு, எலிக்காய்ச்சல் வேறு. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் நல்ல உடம்புக்காரரையே கொண்டுபோனது. மழை தொடங்க முன் ஒரு இதய மருத்துவரிடம் கேட்டு இதையெல்லாம் விரிவாகப் போடுங்கள், பார்க்க வருபவர்களுக்கென்று ஒரு பகுதியும் அதில் இருக்கட்டும்.

ஒரு வாசகி,
கோண்டாவில்.